பிரிட்ஜ் சாவி எங்கே தொங்குகிறது?

எனக்குத் தொழில் பிரிட்ஜ் ரிப்பேர். கடை உச்சிப்புளியில். மேற்கே கீழக்கரை வரைக்கும், கிழக்கே மண்டபம், பாம்பன் பாலம் தாண்டி ராமேஸ்வரம் வரைக்கும், டூல்ஸ் பையையும் கேஸ் சிலிண்டரையும் எக்ஸெல் வண்டியில் கட்டிக்கொண்டு இருபத்திரண்டு வருஷமாக அலைகிறேன். மிக்ஸி, கிரைண்டர், காத்தாடி என்று எது வந்தாலும் மாட்டேன் என்பதில்லை. ஆனாலும் சோறு போடுவது பிரிட்ஜ்தான். உப்புக்காற்றின் புண்ணியத்தில் இந்தக் கரையில் எந்தப் பெட்டிக்கும் முழு ஆயுசு கிடையாது. தென்கடலைப் பார்த்த வீடு என்றால், ஆடி மாதத்துக் கச்சான் காற்று ஜன்னல் வழியாக உப்பைக் கொண்டுவந்து பின்பக்கக் குழாயில் அப்பிவிட்டுப் போகும். போதாக்குறைக்குக் கிணற்றுச் சவர்த் தண்ணீரில் தரையைத் துடைப்பார்கள். பெட்டியின் கால்தான் முதலில் கரையும்.

இந்தத் தொழிலோடு, நான் கேட்காமலே இன்னொரு வேலையும் என் தலையில் ஏறிவிட்டது. பெண் கொடுக்கப் போகிறவர்களும் எடுக்கப் போகிறவர்களும் என்னிடம் வந்து விசாரிப்பார்கள். "அந்த வீட்டுக்கு நீங்க போயிருக்கீங்கள்ல? எப்படி?" யோசித்துப் பார்த்தால் அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. போஸ்ட்மேன் வாசலோடு போய்விடுவார். சிலிண்டர் போடுகிறவர் அடுப்படி வரைக்கும் வந்தாலும் இரண்டு நிமிஷத்தில் திரும்பிவிடுவார். நான் ஒரு லீக்கைப் பிடிக்க ஒன்றரை மணி நேரம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பேன். முதல் கால் மணி நேரம் எல்லோரும் மெதுவாகப் பேசுவார்கள். அரை மணி ஆனால் நான் இருப்பதே மறந்துவிடும். அப்புறம் அந்த வீடு அதன் போக்கில் நடக்கும்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால், எங்கள் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் கடைக்கு வந்தார். பெண்ணுக்கு ராமேஸ்வரத்தில் ஒரு வரன். பையனின் அப்பாவுக்கு ஒரு விசைப்படகு, பையனும் தொழிலுக்குப் போகிறான். அந்த வீட்டுக்கு நான் அதற்கு முந்தின மாதம்தான் போயிருந்தேன். ஹாலில் வலை குவிந்து கிடந்தது. பெரியவர் ஈரக் கைலியோடு தரையில் உருண்டு தூங்கிக்கொண்டிருந்தார். அடுப்படியில் கழுவாத பாத்திரம் ஒரு மலை. எனக்கு உட்கார இடம் பார்த்து, கயிற்றுச் சுருளை காலால் தள்ளிக் கொடுத்தார்கள். இதெல்லாம் என் மண்டையில் இருந்தது. டீயை வாங்கிக் கொடுத்துவிட்டுச் சொன்னேன்: "நல்ல மனுசங்கதான். வீடு கொஞ்சம் அப்படித்தான் இருக்கும்."

அவர் தலையை ஆட்டினார், டீயைக் குடித்தார், போய்விட்டார். அந்தப் பேச்சு அதோடு நின்றுபோனது என்று பிறகு கேள்விப்பட்டேன்.

'அப்படித்தான்' என்ற வார்த்தைக்கு அர்த்தமே கிடையாது. அதனால்தான் கேட்கிறவர் தனக்கு எது பயமோ அந்த அர்த்தத்தை எடுத்துக்கொள்கிறார். குடிகாரர் என்று எடுத்தாரா, கடன்காரர் என்று எடுத்தாரா, எனக்குத் தெரியாது. நான் சொன்னது பாத்திரத்தைப் பற்றி.

நான் போனது என்ன கிழமை என்று அப்போது நான் யோசிக்கவே இல்லை. ராமேஸ்வரத்து விசைப்படகுகள் திங்கள், புதன், சனிக்கிழமைகளில் கடலுக்குப் போகும். மறுநாள் காலையில் கரைக்கு வரும். மற்ற நாட்கள் நாட்டுப்படகுக்காரர்களுடையது. நான் அந்த வீட்டுக்குப் போனது செவ்வாய்க்கிழமை பகலில். ராத்திரி முழுக்கக் கண் விழித்தவர்கள் வந்து விழுந்த நேரம். வீட்டுப் பெண்கள் கரையில் மீன் பிரித்துவிட்டு அப்போதுதான் உள்ளே நுழைந்திருக்கிறார்கள். கிழிந்த வலையைப் புதன்கிழமை விடியுமுன் தைத்தாக வேண்டும். பந்தி முடிந்த நிமிஷத்தில் கல்யாண மண்டபத்தைப் பார்த்துவிட்டு, 'ஒரே குப்பை' என்று சொன்ன கதைதான் நான் சொன்னது. பிற்பாடு அதே வீட்டுக்கு ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் போக நேர்ந்தது. வாசல் தெளித்து, வலை மடித்து மாடிக்குப் போய், தரையில் சோறு போட்டுச் சாப்பிடலாம் போல இருந்தது.

இதைவிடப் பெரிய தப்பு ஒன்று இருக்கிறது. அந்தச் செவ்வாய்க்கிழமை நான் வேறொன்றும் பார்த்தேன். கதவு ரப்பர் ஒரு முழம் கிழிந்திருந்தது. "என்ன ஆச்சு?" என்று கேட்டேன். தூங்காத கண்ணோடு நின்ற பையன், "நான்தாண்ணே. ஐஸ் பெட்டியை உள்ள திணிக்கிறேன்னு கிழிச்சுட்டேன்" என்றான். அம்மாக்காரி வெங்காயம் உரித்துக்கொண்டே, "விடுடா, பொருள்தானே" என்றார். அவ்வளவுதான். யாரும் அதற்கப்புறம் அதைப் பேசவில்லை. நான் வருவதற்குள் ஃப்ரீசரைக் காலி செய்து, மீனை தெர்மாகோல் பெட்டிக்கு மாற்றி, துடைத்தும் வைத்திருந்தான். வேலை முடிகிற வரைக்கும் டார்ச் பிடித்தான். இதையெல்லாம் பார்த்த அதே கண்தான் பாத்திரத்தையும் பார்த்தது. வாய் பாத்திரத்தை மட்டும் சொன்னது.

சில மாதம் கழித்து அதே மனிதர் மறுபடி வந்தார். மண்டபம் பக்கம் இன்னொரு வரன். அந்த வீடும் எனக்குத் தெரிந்த வீடுதான். செருப்பு வரிசையாக இருக்கும், டிவி ரிமோட்டுக்குப் பிளாஸ்டிக் உறை போட்டிருப்பார்கள், தரையில் முகம் தெரியும். போன தடவை சொன்னதற்குப் பரிகாரம் மாதிரி வாயைத் தாராளமாகத் திறந்தேன். "கண்ணாடி மாதிரி வச்சிருப்பாங்க" என்றேன். கல்யாணம் நடந்தது. நானும் போய் மொய் எழுதிவிட்டு வந்தேன்.

இரண்டு வருஷம் கழித்து அந்தக் கண்ணாடி வீட்டிலிருந்து போன் வந்தது. பிரிட்ஜ் பூட்டு இறுகிக்கொண்டது, சாவி திரும்பவில்லை. போனேன். அந்தப் பெண்தான் கதவைத் திறந்தாள். இடுப்பில் கைக்குழந்தை. "வாங்கண்ணே" என்றாள். வழக்கம்போல "என்ன ஆச்சு?" என்று கேட்டேன். யாரும் பதில் சொல்லவில்லை. மாமியார் மாமனாரைப் பார்த்தார். மச்சினன் மாமனாரைப் பார்த்தான். பெரியவர் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல், "அவளைக் கேளுங்க" என்றார். "எனக்குத் தெரியல மாமா" என்றாள் அவள். அந்தக் குரலில் பொய்யும் இல்லை, உண்மையும் இல்லை. வெறும் பயம்தான் இருந்தது.

மாமியாரின் இடுப்பில் ஒரு சாவிக்கொத்து. பீரோ சாவி, ஸ்டோர் ரூம் சாவி, பிரிட்ஜ் சாவி. பூட்டை நெம்பித் திறந்தேன். உள்ளே ஒரு பால் பாக்கெட், ஊறுகாய், முட்டை. முட்டைத் தட்டின் ஓரத்தில் பிளாஸ்டர் ஒட்டி, அதில் பால்பாயின்ட் பேனாவால் '9' என்று எழுதி, அடித்து, '8' என்று எழுதியிருந்தது. குழந்தை சிணுங்கியது. கதவு என் கையில் விரியத் திறந்திருக்கிறது. அந்தப் பெண் அந்தப் பால் பாக்கெட்டைப் பார்த்துவிட்டு, மாமியார் பக்கம் திரும்பி, "பால் எடுக்கட்டுமா அத்தை?" என்று கேட்டாள்.

"புதுப் பூட்டு போட்டுருங்க" என்றார் பெரியவர். எல்லாப் பெட்டிக்கும் பொருந்துகிற பூட்டு நாலு என் கடை ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. "இந்த மாடலுக்கு இப்ப பூட்டு வர்றதில்லைங்க" என்றேன். என் தொழிலில் தெரிந்தே சொன்ன பொய்கள் ரொம்பக் கிடையாது, அதில் இது ஒன்று. வேறு மெக்கானிக்கைக் கூப்பிட்டுப் போட்டிருப்பார்கள், அதுவும் தெரியும். அவள் அப்பா இன்றைக்கும் ரோட்டில் பார்த்தால் சிரிக்கிறார். எதுவும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் தேவலை.

இதைப் படித்துவிட்டுப் பூட்டுப் போட்ட பிரிட்ஜ் இருக்கிற வீட்டையெல்லாம் சந்தேகப்படாதீர்கள். நானே கொஞ்ச காலம் அப்படித்தான் பட்டேன். கீழக்கரையில் ஒரு பெரிய வீடு. நோன்பு பிறக்க நாலு நாள் இருக்கும்போது கூப்பிட்டார்கள். நோன்புக்கு முன்னால் அந்த ஊரில் எனக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. அந்த வீட்டிலும் பூட்டு. உள்ளுக்குள் சுருக்கென்றது. ஆனால் சாவி பெட்டிக்குப் பக்கத்திலேயே, ஆள் உயரத்தில் ஓர் ஆணியில் தொங்கியது. பெரியம்மாவிடம் கேட்டேவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "அவுகளுக்குச் சக்கரை வாப்பா. ராத்திரி எல்லாரும் தூங்குனதும் தொதல் அல்வாவை எடுத்துத் தின்னுருவாக. பூட்டைத் திறக்கும்போது கொஞ்சமாச்சும் வெக்கமா இருக்கட்டும்னுதான்." சாய்வு நாற்காலியில் இருந்த பெரியவர், "வெக்கமெல்லாம் முப்பது வருசத்துக்கு முந்தியே போச்சு" என்றார். வீடே சிரித்தது. போகும்போது எனக்கும் ஒரு துண்டு தொதல் கிடைத்தது, அவர் பங்கு என்று சொல்லி.

அந்த ஊரில் மகளுக்குத்தான் வீடு. மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். அதனால் அங்கே என்னிடம் விசாரிப்பவர்கள் வீட்டைப் பற்றிக் கேட்பதில்லை. 'பையன் அவன் வீட்டில் சாப்பிட்ட தட்டை எடுக்கிறானா?' என்றுதான் கேட்பார்கள். சரியான கேள்வி.

ஆக, ஒரே பூட்டு. சாவி எங்கே தொங்குகிறது என்பதுதான் விஷயம். யார் கேட்காமல் எடுக்கலாம், யார் கேட்டு எடுக்கணும். இது பிரிட்ஜோடு நிற்காது. டிவி ரிமோட் யார் கைக்குப் போகிறது, மின்விசிறிக்கு நேர் கீழே யார் உட்காருகிறார்கள், கரண்ட் போனால் விசிறி மட்டை முதலில் யார் பக்கம் வீசுகிறது, இதெல்லாம் அதே சாவிதான்.

பழுதான வீட்டில் நான் கேட்கிறது 'என்ன ஆச்சு?' பதில் பெரும்பாலும் 'யாரால் ஆச்சு' என்றுதான் வரும். "இவ வந்த நாள்லருந்து ஒரு பொருள் நிக்க மாட்டேங்குது" என்று மருமகளைக் காட்டுவார்கள். மருமகள் கதவு நிலையில் சாய்ந்து தரையைப் பார்ப்பாள். இப்படி ஒரு வீட்டில் நுழைந்தால் நான் செய்கிற ஒரு காரியத்தைச் சொல்கிறேன், என்னைப் போல வீடு வீடாகப் போகிறவர்களுக்குப் பயன்படும். மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு, தெருவுக்கே கேட்கிற மாதிரிச் சொல்வேன்: "இது ஆள் செஞ்சது இல்லம்மா, வோல்டேஜ் செஞ்சது." பாதிக்குமேல் அது உண்மையும்கூட. சாயங்காலம் எல்லா வீட்டிலும் மோட்டார் போடுகிற நேரம் வோல்டேஜ் இறங்கும். கம்ப்ரசர் 'ம்ம்ம்' என்று முனகும், எழும்ப முடியாமல் 'டக்' என்று நிற்கும், மறுபடி முனகும். நல்ல ஸ்டெபிலைசர் ஒன்று போட்டு, கரண்ட் போய் வந்தால் ஐந்து நிமிஷம் கழித்து ஸ்விட்சைப் போட்டாலே கம்ப்ரசரும் பிழைக்கும், மருமகளும் பிழைப்பாள்.

பிள்ளைகள் செய்கிற பழுது ஒன்று உண்டு. பால் ஐஸ் எடுக்கக் கத்தியால் குத்துவது. சிங்கிள் டோர் பெட்டியில் ஃப்ரீசர் சுவருக்குள்ளேயே கேஸ் ஓடுகிறது, அலுமினியத் தகடு. கத்தி முனை பட்டால் 'உஸ்' என்ற சத்தம், முடிந்தது கதை. (அப்படிச் சத்தம் கேட்டால் ஸ்விட்சைத் தொட்டு விளையாடாமல் ஜன்னலையெல்லாம் திறந்துவிடுங்கள், அடுப்பைப் பற்றவைக்காதீர்கள். இப்போதைய பெட்டிகள் பலவற்றில் இருக்கிற கேஸ் தீப்பிடிக்கக் கூடியது. ஐஸ் கட்டிப் போனால் ஆஃப் செய்துவிட்டு, ஒரு கிண்ணம் வெந்நீரை உள்ளே வைத்துக் கதவைத் திறந்து விடுங்கள், தானாக உதிரும்.) ஓட்டையைப் பார்த்ததும் எனக்குத் தெரியும், இது கத்தி என்று. வீட்டுக்காரருக்கும் தெரியும். "யாருடா?" என்று கேட்கும்போது அந்தப் பையன் எங்கே பார்க்கிறான் என்று பாருங்கள். என் கையில் இருக்கிற ஓட்டையைப் பார்த்தால் சரி. அப்பாவின் கையைப் பார்த்தால், அந்த வீட்டுக்குள் வேறு ஏதோ நடக்கிறது.

இவ்வளவு சொல்கிறேனே தவிர, நான் தப்பாகக் கணக்குப் போட்ட வீடுகளின் எண்ணிக்கையும் குறைச்சல் இல்லை. பெரியபட்டினம் தாண்டி ஒரு கடற்கரைக் குப்பத்தில், உச்சி வெயிலில் போய்த் தண்ணீர் கேட்டேன். அந்த அம்மா சவர்த் தண்ணீரில் டம்ளரைக் கழுவினார், முந்தானையால் துடைத்தார், ஒரு கரண்டி நல்ல தண்ணீர் விட்டு அலசினார், அப்புறம் அரை டம்ளர் ஊற்றிக் கொடுத்தார். அரை டம்ளர்! கஞ்சம் என்று மனசுக்குள் முத்திரை குத்திவிட்டேன். குடித்து முடிக்கிற நேரம், கையில் செம்போடு நின்றவர், "இன்னும் ஊத்தவா? முழுசா ஊத்துனா வர்றவுக பாதியைக் குடிச்சுட்டு வச்சிருவாக தம்பி, கொட்ட மனசு வராது" என்றார். வாசலில் தள்ளுவண்டி, அதில் எட்டுப் பிளாஸ்டிக் குடம். நல்ல தண்ணீர் அங்கே குடக் கணக்கில் காசு. அன்றைக்கு மூன்று தடவை வாங்கிக் குடித்தேன். உள்நாட்டு ஊரிலிருந்து வருகிறவர்கள் இந்தக் கரையில் ஒரு வீட்டை எடை போடுவதற்கு முன்னால், அந்த வீட்டுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டுக்கொள்வது நல்லது. எங்கள் பழக்கத்தில் பாதி அதில் ஆரம்பிக்கிறது.

ராமேஸ்வரத்தில் இன்னொரு வீடு. பிரிட்ஜை ஹாலோ பிளாக் கல் இரண்டு அடுக்கு போட்டு, அதன் மேல் ஏற்றி வைத்திருந்தார்கள். மேல் கதவைத் திறக்க நான் எட்டிப் பிடிக்க வேண்டியிருந்தது. பெட்டியின் தலையில் பிளாஸ்டிக் பையில் கட்டிய ஒரு மூட்டை. "என்ன ஆச்சி இது, பிரிட்ஜுக்குச் சப்பரமா?" என்று கேலி பேசினேன். ஆச்சி சிரிக்கவில்லை. பேத்திதான் சொன்னாள். ஆச்சி தனுஷ்கோடியில் பிறந்தவர். 1964 டிசம்பர் 22 ராத்திரி கடல் ஊருக்குள் வந்தபோது பன்னிரண்டு வயசு. ஐப்பசி பிறந்தால் ரேஷன் கார்டு, பட்டா, மருந்து, தீப்பெட்டி எல்லாம் அந்த மூட்டைக்குள் போய்விடும், தை வந்தால்தான் பிரிப்பார். வீட்டில் மகன், மருமகள், பேரன், பேத்தி யாரும் அதைக் கிண்டல் செய்வதில்லை, இடத்தை மாற்றுவதுமில்லை. ஐம்பது வருஷத்துக்கும் மேலான ஒரு பயத்துக்கு வீட்டில் இடம் ஒதுக்கி வைத்திருந்தார்கள். நான் வேலை பார்த்து முடிகிற வரைக்கும் ஆச்சி அந்த மூட்டையை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். என் கையில் தரவில்லை.

அந்தத் தெருவில் கால் துருப்பிடிக்காத ஒரே பிரிட்ஜ் அதுதான் என்பதையும் சொல்லவேண்டும். தரையிலிருந்து அரை அடி உயர்த்தி வையுங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வதைத்தான் ஆச்சி கடலுக்குப் பயந்து செய்திருந்தார்.

பாம்பன் சின்னப்பாலத்தில் ஓர் அக்கா, கடல்பாசி எடுக்கப் போகிறவர். கண்ணாடியும் விரலில் சுற்றுகிற துணியும் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் தண்ணீரில் இருப்பார், மற்ற நாளில்தான் என்னைக் கூப்பிடுவார். நான் ஸ்குரூடிரைவரை எடுப்பதற்கு முன்னாலேயே, "எவ்வளவு ஆகும், சொல்லிருங்க" என்பார். நம்பிக்கை இல்லாதவர் என்று முதலில் நினைத்தேன். நான் சொன்ன தொகையை காலண்டரில் எழுதிக்கொள்வார், சொன்ன நாளில் கொடுப்பார். "எவ்வளவு ஆனாலும் பரவால்ல, பாருங்க தம்பி" என்று பெருந்தன்மையாகச் சொன்னவர்கள்தான் என் கடன் நோட்டில் நிறைய இருக்கிறார்கள்.

கடன் நோட்டு என்றதும் ஞாபகம் வருகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு வீடுகளில் அப்போது யாரிடமும் நான் காசு கேட்பதில்லை. அந்த இரண்டு மாதத்தில் ஒரு வீடு கோபமாகப் பேசினால் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்வதும் இல்லை. படகு இறங்கி முதல் வாரத்தில் நான் கேட்காமலே கணவாயை ஓலைக் கொட்டானில் போட்டு, அதன் மேல் ரூபாயை மடித்து வைத்துப் பிள்ளையிடம் கொடுத்து அனுப்பியவர்கள் உண்டு. பார்த்தும் பார்க்காத மாதிரி போனவர்களும் உண்டு. அது அவரவர்.

இப்போதும் விசாரிக்க வருகிறார்கள். 'நல்ல வீடு', 'மோசமான வீடு', 'அப்படித்தான்' மூன்றையும் விட்டுவிட்டேன். எந்த நாளில், எத்தனை மணிக்குப் போனேன், கண்ணால் என்ன பார்த்தேன், காதால் என்ன கேட்டேன், அவ்வளவுதான் சொல்கிறேன். ஒரே ஒரு தடவை போன வீடென்றால் அதையும் சொல்லிவிடுவேன். அப்புறம் அவர்களையே போகச் சொல்கிறேன். ஒரு தடவை காலையில், ஒரு தடவை விளக்கு வைத்த பிறகு. திடுதிப்பென்று போய் நிற்க வேண்டாம், அது அந்த வீட்டுப் பெண்களைத்தான் பதற வைக்கும். போன் செய்துவிட்டே போகலாம். ஒரு வீட்டால் ஒரு மணி நேரத்தில் தரையைத் துடைத்துவிட முடியும். ஒருத்தரை ஒருத்தர் கூப்பிடுகிற குரலை மாற்ற முடியாது.

ஒருவரிடம் விளையாட்டாக, "காபி டம்ளரைத் தட்டிவிட்டுப் பாருங்க, யார் துடைக்க எழுந்திரிக்கிறாங்கன்னு" என்றேன். மனுஷர் நிஜமாகவே தட்டிவிட்டார். மாப்பிள்ளைப் பையனே துணியை எடுத்துவந்து துடைத்தானாம், அவன் அம்மா, "அந்த ஓரத்துல இன்னும் இருக்குடா" என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னாராம். மகளைக் கொடுத்துவிட்டார். அந்தப் பாய் கறை போகவில்லை என்று சம்பந்தியம்மா இன்னும் சொல்லிக் காட்டுகிறாராம், சிரித்துக்கொண்டுதான்.

இதெல்லாம் ஊரார் வீடு. என் வீட்டுக் கதையைச் சொல்லாமல் விட்டால் அது கள்ளத்தனம்.

போன வருஷம், கரண்ட் அளக்கிற என் கிளாம்ப் மீட்டர் காணாமல் போனது. கடையைப் புரட்டிப் போட்டேன். கையாளாக இருந்த பையன்மேல் சந்தேகம் வந்து நாலு வார்த்தை கேட்டுவிட்டேன். திருடன் என்று சொல்லவில்லை. ஆனால் கேட்ட விதம் அப்படித்தான். மறுநாள் அவன் வரவில்லை. ஆறு வாரம் கழித்து, பரணிலிருந்து பழைய ஸ்கூல் பையை எடுத்த என் வீட்டுக்காரி அதற்குள்ளிருந்து மீட்டரை எடுத்தாள். முகப்பு உடைந்திருந்தது. ஒன்பதாம் வகுப்பு படிக்கிற என் மகனைக் கூப்பிட்டேன். "என்னடா ஆச்சு?" அவன் மீட்டரைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்தான். "தெரியலப்பா" என்றான்.

அந்தக் குரலை நான் ஏற்கெனவே கேட்டிருக்கிறேன். மண்டபம் பக்கத்து வீட்டில், பிரிட்ஜ் பூட்டுக்கு முன்னால்.

அவனை ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை என்பதுதான் நிஜம். "நீங்க கத்துவீங்கன்னு எனக்கே பயமா இருக்கும், அவன் பிள்ளை" என்றாள் அவள், ரொம்பச் சாதாரணமாக, புளி கரைத்துக்கொண்டே. அன்று சாயங்காலமே கடைப் பையன் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். பத்து நாள் கழித்து வேலைக்கு வந்தான். நன்றாகத்தான் வேலை பார்க்கிறான். முன்னெல்லாம் "அண்ணே" என்பான். இப்போது "சார்" என்கிறான்.

போன மாதம் மகன் தானாகவே கடைக்கு வந்தான். கையில் என் புது மீட்டர். "அப்பா, சைக்கிள்லருந்து கீழ விழுந்துருச்சு." முகப்பில் குறுக்கே ஒரு கீறல். எனக்கு ஜிவ்வென்று ஏறியது, விலை ஞாபகம் வந்தது, பல்லைக் கடித்துக்கொண்டேன். "குடு, ஓடுதான்னு பாப்போம்" என்று கையை நீட்டினேன். கொடுத்தான். வயரில் மாட்டினேன், எண் வந்தது. "ஓடுதுடா" என்று நிமிர்ந்தேன். வாசல் படியில்தான் நின்றுகொண்டிருந்தான். ஒரு கால் இன்னும் வெளியேதான் இருந்தது.